இருபத்தைந்து தாளுக்கு ஒரு ரப்பர் வளையம்

பக்கத்து நீச்சல் குளத்தின் குளோரின் வாசம்
சுவரைத் தாண்டி வருகிறது.
பாட்மிண்டன் கோடுகளின் மேல் மேசைகள்.
பெட்டியைக் கவிழ்த்தால்
மழையில் நனைந்த கோழி சிறகை உதறுவதுபோல்
ஒரு சத்தம். பிறகு தாள்கள்.

பகலில் நான் சேமிப்பு வங்கியில் காசாளர்.
தேர்தல் வந்தால் ஓர் இரவு மட்டும்
கட்டைவிரலில் ரப்பர் உறை.
பேசக் கூடாது.
முகத்தில் எதையும் காட்டக் கூடாது.
கயிற்றுக்கு அப்பால் கட்சிக்காரர்கள்
என் விரல்களையே பார்த்து நிற்கிறார்கள்,
சீட்டு குலுக்குபவனைப் பார்ப்பதுபோல்.

வேல்ஸின் இந்தப் பள்ளத்தாக்கில்
பழைய கட்சியின் பட்டையைக் கட்டி
ஒரு கழுதையை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்பார்கள்.
நின்றது கழுதையில்லை.
எம்ரிஸ் பெடோ. நல்ல மனிதர்.
இரும்பாலையைப் பூட்டிய வாரம்
வாசலில் எங்களோடு நனைந்தவர்.
நான்கு தேர்தல் ஜெயித்தவர்.
போன முறை பதினோராயிரம் வித்தியாசம்.

நள்ளிரவில்
இரண்டு தட்டும் ஒரே உயரம்.
அப்போதுதான் பென்ட்ரே தெருப் பெட்டி வந்தது.
எங்கள் தெரு.

தாளில் பெயர் இருக்காது.
மடிப்பு இருக்கும்.
நாலாக மடித்து நகத்தால் கீறிய இது
பேக்கரியில் அட்டைப்பெட்டி மடிக்கும்
டெக்வெனுடையதோ?
கட்டத்தைத் தாண்டி நடுங்கி ஓடிய இந்தக் கோடு
ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு வரும்
க்விலிமுடையதோ?
தெரியாது. தெரியவும் கூடாது.

ஒரு தாளில்
எம்ரிஸின் கட்டத்துக்குள் பென்சில் முனை வைத்த
ஒரே ஒரு புள்ளி.
பிறகு இரண்டு வரி கீழே, வேறு பெயருக்கு நேரே,
தாள் கிழியும் அழுத்தத்தில் பெருக்கல் குறி.
சந்தேகத் தட்டில் போடவா என்று கேட்டேன்.
அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"நோக்கம் தெளிவு" என்றார்.
எனக்குத் தெளியவில்லை.
யாரோ அந்தப் புள்ளியில்
நாற்பது வருடம் நின்றிருக்கிறார்கள்.

வராத தாள்களை எண்ண ஆளில்லை.
போன முறை இந்தப் பெட்டியில் தொள்ளாயிரம்,
இன்று ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
மற்றவர்கள் கோபம்கூட இல்லாமல்
கெட்டில் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு
வீட்டில் இருந்தார்கள்.
நகராமலே தராசைச் சாய்த்தார்கள்.

விடியலில் தொலைக்காட்சி "அலை" என்றது.
வரைபடத்தில் எங்கள் பள்ளத்தாக்கு
தேநீர் சிந்திய மேசைத்துணிபோல் நிறம் மாறியது.
ஒரு முள் ஆடிப் பத்தொன்பது சதவீதத்தில் நின்றது.
கோட்டுப் போட்ட ஒருவர்
எங்களை எங்களுக்கு விளக்கினார்.

அலையை நான் பார்க்கவில்லை.
எண்பத்தெட்டு வளையம் போட்டேன், அவ்வளவுதான்.
மாலை ஆறு மணிப் பேருந்தை நிறுத்தினார்கள்.
பிரசவ வார்டை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போனார்கள்.
எங்கள் கிளையையும் மார்ச்சில் மூடுகிறார்கள்.
அம்மி நகரும்போதுதான் ஊர் திரும்பிப் பார்க்கிறது.
அடிமேல் அடி வைத்தவர்கள்
எப்போதோ கை கழுவிப் படுத்துவிட்டார்கள்.

இருநூற்றுப் பதினான்கு வாக்கில் தோற்றார்.
மேடையில் புதியவள் மக்கள் பேசிவிட்டதாகச் சொன்னாள்.
எம்ரிஸ் இறங்கி வந்து
மேசை மேசையாக எண்ணியவர்களுக்கு
நன்றி சொல்லிக்கொண்டு போனார்.
என்னிடம் வந்ததும், "தூங்கு, எலினெட்,
கண் சிவந்திருக்கிறது" என்றார்.

அந்தப் புள்ளி என்னுடையதில்லை.
நேற்றுக் காலை, பள்ளிக்கூட நடையில்,
கயிற்றில் கட்டிய பென்சிலை எடுத்தபோது
நான் புள்ளிகூட வைக்கவில்லை.

கை குலுக்கினோம்.
ரப்பர் உறையைக் கழற்ற
மறந்துவிட்டேன் என்று
அவர் நினைத்திருப்பார்.